வளைந்த திரையில் ஒரு வெள்ளைக் கோடு

ஜூலை 6, ஞாயிறு

கல்யாண நாளுக்கு இவர் எனக்குப் போன் வாங்கி வந்திருக்கிறார். சேலையாக இருந்தால் பிடிக்காவிட்டாலும் கட்டித் தொலைத்திருப்பேன். இது போன். அதுவும் வளைந்த திரை. மழைத் தண்ணீர் வடியக் கூரையைச் சாய்த்த மாதிரி இரண்டு ஓரமும் கீழே சரிகிறது.

“எதுக்குங்க இப்படி வளைஞ்சிருக்கு?”

“அழகுக்கு.”

“அழகு சரி. பிரயோசனம்?”

இவர் டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் மனிதர். எந்தச் சாமானை எடுத்தாலும் அது எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் கீழே வைக்கமாட்டார். இதற்கு மட்டும் தலையைச் சொறிந்தார். “கடைக்காரன் என்னமோ சொன்னான், மறந்துட்டு. பொண்ணு வீட்டுக்குப் போகையில நீ அந்தப் பழைய போனை எடுத்தா மதிக்க மாட்டாவன்னு வாங்கினேன்” என்றார்.

அது வாஸ்தவம். பாளையங்கோட்டையில் பதினைந்து வருஷமாக மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். செண்பகம் கண் எழுதினால் பெண்ணுக்குத் தனிக் களை என்று ஊரில் பேர். ஆனால் இந்தக் காலத்தில் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையில் இருக்கும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு எரிச்சல் என்னவென்றால், ஓரத்தில் ட்யூப் லைட் வெளிச்சம் வெள்ளைக் கோடாக விழுகிறது. எப்படித் திருப்பினாலும் கூடவே வருகிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் ஒரே வெக்கை. பக்கத்தில் இவர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த மனிதருக்குத் தோல் எருமைத் தோல்.

ஜூலை 9, புதன்

போன் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. விலாங்கு மீன் மாதிரி வழுக்குகிறது. இன்றைக்கு இரண்டு தடவை கீழே விழப் பார்த்தது. உள்ளங்கை வேர்வையைத் துடைத்துத் துடைத்துத் துண்டே நனைந்துபோயிற்று.

கண்ணாடி ஒட்டலாம் என்று வண்ணார்பேட்டைக் கடைக்குப் போனேன். “இதுக்குச் சாதாக் கண்ணாடி நிக்காதுக்கா. பசை ஊத்தி, நீல லைட் காட்டி ஒட்டணும். அப்படியும் ஓரம் கிளம்பிரும்” என்றான் கடைக்காரன். உறை போட்டாலும் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்குமாம். விழுந்தால் முதலில் ஓரம்தான் அடிபடும், அடிபட்டால் முழுத் திரையும் மாற்ற வேண்டுமாம்.

“அப்ப எதுக்குத்தான் தம்பி வளைச்சு வச்சிருக்கான்?”

“கையில மெலிசாத் தெரியும்க்கா. ஓரத்துல இருந்து விரலை இழுத்தா வழுவழுன்னு வரும். பாக்க ரிச்சா இருக்கும்.”

“மூக்குத்தி கூடத்தான் பாக்க ரிச்சா இருக்கும். அதை வச்சு யாரும் போன் பேசுறதில்ல” என்றேன். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே கோபமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு மானம் போயிற்று. மதுரையில் ஷெர்லின் என்று ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயசு, பெரிய பேர். எனக்கு வரவேண்டிய இரண்டு கல்யாணத்தை அவள் தட்டிக்கொண்டு போனாள். போனில் அவள் படம் போடும் பக்கத்தைச் சும்மா மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் விரல் பட்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றுக்கு ஹார்ட் போய்விட்டது. பதறி எடுக்கப் போனால் மறுபடியும் போகிறது. மூன்று வருஷத்துப் பழசைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் மின்சாரமும் சரியில்லை. போன் ஓரத்தில் விழுகிற வெள்ளைக் கோடு ஆடிக்கொண்டே இருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று இவரிடம் சொன்னேன். போனைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். “எனக்கு ஆடலையே” என்றார். மூக்குக் கண்ணாடி போடச் சொன்னால் கேட்டால்தானே? ஆனாலும் சாயங்காலம் புது ட்யூப் லைட் வாங்கி மாட்டினார். கோடு இன்னும் ஆடுகிறது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, வேலை கிடையாது. ஆவணியில், ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி கோமதிக்குக் கல்யாணம். இவருடைய அக்கா இசக்கியம்மாள் மைனியின் ஒரே மகள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வீட்டுச் சேலை கட்டி, மாமன் பெண்டாட்டி கையால் கண் எழுதி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த பிறகுதான் பெண் மணமேடைக்குப் போக வேண்டும். நான் தொழிலே அதுவாக வைத்திருப்பவள். கோமதி பிறந்த அன்றைக்கே, ‘இவளுக்கு நான்தான் எழுதுவேன்’ என்று சொன்னவள். ஊரில் யாருக்கு எழுதினேன், யாருக்கு எழுதவில்லை என்பது பெரிதில்லை. அன்றைக்கு என் கை சரியாக ஓட வேண்டும். எனக்கு அது போதும்.

மைனிக்கு அன்றைக்குத் தானும் பெண் மாதிரி மேக்கப் போட்டுக்கொள்ள ஆசை. மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே இவரிடம், “உங்க அக்கா முகத்துக்கு, சுவத்துக்குப் பாக்குற மாதிரி, முதல்ல பட்டி பாக்கணும். காயவிட்டுத் தேய்க்கணும். அதுக்கப்புறம்தான் பெயிண்ட்” என்று சொல்லிவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. என் இடுப்பில் சொருகியிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் மைனிக்கு அழைப்பு போய், அந்தப் பக்கம் எடுத்தும் ஆகியிருக்கிறது.

இந்தப் போனைச் செய்தவன் நாசமாய்ப் போக.

ஜூலை 19, சனி

மைனி கூப்பிட்டாள். “ஏ செண்பகம், பட்டி எத்தனை மூடை வாங்கணும்? சொன்னேன்னா இப்பமே இறக்கிப் போட்டுருவேன்” என்றாள். பிறகு, சாயங்கால வரவேற்புக்கு மதுரை ஷெர்லினைப் பேசியாயிற்று என்றும், காலையில் முகூர்த்தத்துக்கு மட்டும் முறைக்காக நான் வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

நெல்லையப்பர் கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே புகழ்ச்சி. “என்ன செண்பகம், கொமரி மாதிரி ஆயிட்ட! என்னத்த சாப்பிடுத?” என்றார்கள். சாப்பாட்டில் ஒன்றும் குறையில்லை. காலையில் எட்டு இட்லி. பதினொரு மணிக்கு மறுபடியும் பசி. ஆனாலும் ரவிக்கை எல்லாம் தொளதொள என்று கிடக்கிறது, பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்? இவர் மட்டும், “டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வருவமா?” என்றார். பெண்டாட்டி அழகானால் இந்த ஆம்பிளைகளுக்குப் பொறுக்காது.

தூக்கம் வருவதில்லை. படுத்தால் நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொள்கிறது. போனைப் பார்த்தால் தூக்கம் கெடும் என்று எல்லாரும்தானே சொல்கிறார்கள்? எல்லாம் அதனால்தான்.

இந்தப் பேனாவும் சரியில்லை. எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது.

ஆகஸ்டு 2, சனி

முடிவு பண்ணிவிட்டேன். வளைந்த போனைப் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பழைய தட்டைப் போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். இவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆசையாக வாங்கித் தந்தது. தெரியும். என்ன செய்ய? கல்யாண நாள் பரிசு என்பதற்காக மானத்தையும் உறவையும் விட முடியுமா?

தட்டைத் திரை தட்டைத் திரைதான். நிம்மதி.

ஆகஸ்டு 5, செவ்வாய்

பழைய போனும் தப்புத் தப்பாகத் தொட ஆரம்பித்துவிட்டது. ஒட்டுவாரொட்டி வியாதி போலிருக்கிறது.

ஆகஸ்டு 10, ஞாயிறு

பெருமாள்புரத்தில் மைனி வீட்டில் கோமதிக்கு ஒத்திகை மேக்கப். மைனி வாசலில், “வா” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

கோமதி தங்கமான பிள்ளை. “அத்தை, நான் வீடியோ எடுத்துக்கிடுதேன்” என்று தன் போனை எதிரே நிறுத்தி வைத்தாள். முகம் அருமையாக வந்தது. இடது கண் எழுதினேன். சுமாராக வந்தது. வலது கண்ணில் மை வால் இழுக்கும்போது கோடு காதுப் பக்கம் ஓடிவிட்டது.

“ஏட்டி, கண்ணைச் சிமிட்டிட்டியே!”

“இல்லையே அத்தை.”

துடைத்தேன். மறுபடியும் எழுதினேன். மறுபடியும் ஓடிற்று. ஃபேன் காற்று என்றேன். ஸ்டூல் ஆடுகிறது என்றேன். பிரஷ் மட்டமான பிரஷ் என்றேன். மூன்றாவது தடவை துடைத்தபோது பிள்ளையின் கண் சிவந்து தண்ணீர் வந்துவிட்டது. “பரவால்ல அத்தை, வலிக்கல” என்றாள். வலித்திருக்கும்.

மைனி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மைனி பேசாமல் நின்று நான் பார்த்ததே கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்டு 12, செவ்வாய்

கோமதி அந்த வீடியோவை எனக்கு அனுப்பவில்லை. அவள் மாமாவுக்கு, அதாவது இவருக்கு, அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் இவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். ஃபேனை நிறுத்தினார். வெக்கையில் சாகவா என்று கத்தினேன். காதில் வாங்காமல் பீரோவைத் திறந்து வளைந்த போனை எடுத்தார். துண்டால் துடைத்தார்.

“கையை நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டு, செண்பகம்.”

நீட்டினேன். உள்ளங்கையில் போனை வைத்தார். ஓரத்தில் ட்யூப் லைட் கோடு விழுந்தது. ஆடியது. “பாத்தீங்களா, வோல்டேஜ்” என்றேன். போனை எடுத்து மேஜையில் வைத்தார். கோடு அப்படியே நின்றது. எடுத்துத் தன் கையில் வைத்தார். நின்றது. திரும்ப என் கையில் வைத்தார்.

அதே லைட். அதே போன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கோடு, வேர்வையில் நனைந்த என் கைக்கு மேலே, நடுங்கிக்கொண்டே இருந்தது.

“எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?”

“ட்யூப் லைட் மாத்துன அன்னைக்கே.”

“ஏன் சொல்லல?”

“டாக்டர்ட்ட போவோம்னு சொன்னதுக்கே ரெண்டு நாள் சோறு போடல. இதைச் சொன்னா வீட்டுல இருக்க விடுவியா?”

அழுதேன். என் அம்மாவின் சித்தப்பா ஒருத்தர் கை நடுக்கத்தில் ஆரம்பித்து, கடைசியில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனார். இந்தக் கை போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் போர்வையைப் போர்த்திக்கொண்டார்.

ஆகஸ்டு 16, சனி

நேற்று முன்தினம் டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். வேர்க்குதா, தூக்கம் வருதா, நெஞ்சு படபடக்குதா, முடி கொட்டுதா, எல்லாவற்றுக்கும் ஆமாம். “கோபம் அதிகமா வருதா?” என்று கேட்டார். “யாருக்கு?” என்றேன். இவர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு.

“தைராய்டுன்னா உடம்புல்லா போடும்? நான் இளைக்கேனே” என்றேன். எனக்குத் தெரிந்த பாதிப் பெண்களுக்கு தைராய்டு இருக்கிறது. எல்லாரும் பூரித்துப்போய்த்தான் இருக்கிறார்கள். அது குறைந்தால் அப்படி, கூடினால் இப்படி என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கூடியிருக்கிறது. மாத்திரை போட்டால் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும், முழுசாக நிற்க மாதக்கணக்காகும். “கை போயிராதுல்லா டாக்டர்?” என்று கேட்டேன். “போகாதும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

கோபமும் இந்த வியாதியின் வேலைதானாம். அப்படியானால் இந்த டைரியில் எது நான் எழுதியது, எது தைராய்டு எழுதியது? பட்டி சமாச்சாரம் மட்டும் நானாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

ஆகஸ்டு 24, ஞாயிறு

தினமும் சாயங்காலம் போனைக் கையில் வைத்துப் பார்க்கிறேன். கோடு ஆடுகிறது. முன்னைவிடக் குறைவுதான். ஆனால் கண்ணுக்கு மை இழுக்க அது போதாது. ஒரு மயிரிழை பிசகினாலும் முகமே மாறிப்போகும்.

மைனிக்குப் போன் போட்டேன். வேண்டுமென்றே, நானாக. விஷயத்தைச் சொன்னேன். “ஷெர்லினைக் காலையிலயே வரச் சொல்லுங்க மைனி. கண்ணு அவ எழுதட்டும்.” என் வாயாலேயே விட்டுக்கொடுத்தேன். பிறந்த அன்றைக்குச் சொன்ன வாக்கு.

மைனி, “ம்” என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்டு 29, வெள்ளி

விடியுமுன்னே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மணப்பெண் அறையில் ஷெர்லின் பெட்டியைப் பரப்பி வைத்திருந்தாள். நான் மூலையில் சேலை மடிப்பைச் சரிபார்க்கிற சாக்கில் நின்றேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“அக்கா, நீங்க என்னோட முதல் மணப்பொண்ணு போட்டோவுக்கு ஹார்ட் போட்டிருந்தீங்கள்ல? நான் தொழிலுக்கு வந்த புதுசுல எடுத்தது. செண்பகம் அக்காவே அதைத் தேடிப் பார்த்திருக்காங்கன்னு எங்க அம்மாகிட்டல்லாம் சொன்னேன்.”

“நல்லா இருந்துச்சு, அதான்” என்றேன். அந்தப் படத்தில் கண் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அவள் கோமதிக்குக் கண் எழுதினாள். ஒரே இழுப்பு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு எரிந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய்.

அப்போது மைனி வந்து என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை நீட்டினாள்.

“பூசு.”

“மைனி, என் கை...”

“கண்ணெழுதத்தான கை நடுங்கக் கூடாது? பட்டி பூச நடுங்குனா என்னளா? நல்லாப் பரவும். பூசு.”

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஸ்பாஞ்சை நனைத்து அவள் நெற்றியில் ஒற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஏளா, இவ்வளவு மெலிஞ்சு போயிருக்க. நானும் பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கேன் பாரு” என்றாள். மைனியின் முகம் இன்றைக்கு வந்த மாதிரி என் வாழ்நாளில் யாருக்கும் வந்ததில்லை.

புறப்படும் நேரம் கோமதி எழுந்திருக்க மாட்டேன் என்றாள். “அத்தை பொட்டு வைக்கணும்” என்றாள். ஷெர்லின் மைப் பென்சிலை என்னிடம் நீட்டினாள். முழங்கையைப் பிள்ளையின் தோளில் ஊன்றிக்கொண்டு கன்னத்தில் வைத்தேன். சின்னப் புள்ளியாக நினைத்தது, மிளகு அளவுக்குப் பெரிதாகி, ஒரு பக்கம் கோணலாக வந்தது. துடைக்கப் போனேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் அத்தை. திருஷ்டிப் பொட்டு அழகா இருந்தா திருஷ்டி எப்படிக் கழியும்?”

அந்தக் கோணல் பொட்டோடு மேடைக்குப் போனாள். எல்லாப் படத்திலும் அது இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

எடை கூடியிருக்கிறது. பிடித்துத் தைத்த ரவிக்கைகளை எல்லாம் மறுபடியும் பிரிக்கக் கொடுத்திருக்கிறேன். “என்ன செண்பகம், உடம்பு போட்டுட்டியே?” என்று கோயிலில் துக்கம் விசாரிக்கிறார்கள். ஃபேன் மூன்றில் ஓடுகிறது. இவர் போர்வையை மடித்து வைத்துவிட்டார்.

இன்றைக்குச் சாயங்காலமும் போனை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். கோடு நின்றது. நூல் பிடித்த மாதிரி நின்றது. நம்பாமல் இவரைக் கூப்பிட்டேன். அவர் ட்யூப் லைட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “நிக்குது” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒருவழியாப் பிரயோசனம் கண்டுபிடிச்சாச்சு” என்றார்.

“இதுக்காகவா வளைச்சான்? கை நடுங்குதான்னு பாக்கவா?”

இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் லேசாக ஒரு அதிர்வு. பார்த்தால் ஓரத்தில் கட்டைவிரல் பட்டு மைனிக்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. இப்போது என் கை நடுங்கவில்லை. ஆக, இந்தப் போன்மீதும் தப்பு இருக்கத்தான் செய்கிறது. நான் அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

வெட்டிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் எடுத்துவிட்டாள்.

“என்ன செண்பகம், போன் தானா வந்துட்டா?”

“இல்ல மைனி” என்றேன். “நான்தான் கூப்பிட்டேன்.”